போலி விசைக்கு எதிர்விசை எங்கே?

செங்கோணம்:
"பேருந்து வளைவில் திரும்பும்போது நம்மை வெளியே தள்ளுவது மையவிலக்கு விசை. உள்ளே உட்கார்ந்து பார்த்தாலும் நியூட்டன் விதி பொருந்தும்" என்று ஒருவர் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் தோள் ஜன்னல் கம்பியில் அழுந்துகிறது. கம்பி என்னை உள்ளே தள்ளுகிறது, நான் கம்பியை வெளியே தள்ளுகிறேன். நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் விசை–எதிர்விசை ஜோடி இதுதான். மையவிலக்கு விசைக்கு எதிர்விசை எங்கே?

ஊசல்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். கம்பியைத் தொடுவதற்கு முன் சீட்டில் வழுக்கினீர்களே, அந்த அரை நொடிக்குப் பேருந்துக்குள் இருப்பவர் என்ன கணக்கு எழுதுவார்? லிப்டைப் பாருங்கள். 60 கிலோ ஆள், கீழ்நோக்கி 2 மீ/வி² முடுக்கம். எடைமானி 588 நியூட்டனுக்குப் பதில் 468 காட்டும். உள்ளேயிருந்து மேல்நோக்கி 120 நியூட்டன் போலி விசை (மையவிலக்கு விசையைப் போல, நாம் இருக்கும் வண்டி முடுக்கத்தில் இருப்பதால் கணக்கில் சேர்ப்பது) சேர்த்தாலும் 468, தரையிலிருந்து போட்டாலும் 468.

செங்கோணம்:
468 யார் கேட்டார்? அந்த 120-க்கு எதிர்விசை எங்கே?

வளி:
மூடிய காரில் ஹீலியம் பலூன் கட்டிப் பாருங்கள். கார் வேகமெடுக்கும்போது நாம் பின்னே சாய்வோம், பலூன் முன்னே சாயும்.

செங்கோணம்:
பின்பக்கம் காற்றழுத்தம் கூடுகிறது, அது பலூனைத் தள்ளுகிறது. பலூன் காற்றைத் திருப்பித் தள்ளுகிறது. அங்கேயும் ஜோடி இருக்கிறது ஐயா! போலி விசைக்குக் காட்டுங்கள்.

ஊசல்:
இல்லை என்றுதானே சொல்கிறேன்! அதனால்தான் அது 'போலி'. நான் பேசியது இரண்டாம் விதி, அதாவது விசை = நிறை × முடுக்கம்.

செங்கோணம்:
நேற்று "நியூட்டன் விதி" என்றீர்கள். இன்று இரண்டாம் விதி மட்டுமா? கடல் ஓதங்கள் பற்றிய பழைய திரியிலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

ஊசல்:
ஓதத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கே பாதியில் ஓடியது யார்? 1851-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ பாரிஸில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டார். அந்த ஊசல் ஆடும் தளம் மணிக்குச் சுமார் 11 பாகை திரும்பியது. பூமியோடு சுழலும் நமக்கு அதை விளக்கக் கொரியோலிஸ் விசை வேண்டும்; சுழலும் இடத்திலிருந்து பார்த்தால் நகரும் பொருள்மேல் சேர்க்க வேண்டிய இன்னொரு போலி விசை அது. எதிர்விசை இல்லையென்று ஊசல் திரும்பாமல் நின்றதா?

செங்கோணம்:
திரும்பியது தளம் இல்லை, தரை.

ஊசல்:
துருவத்தில் சொல்லுங்கள், சரி. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது, பாரிஸில் தளம் 11 தானே திரும்புகிறது?

செங்கோணம்:
பேச்சை மாற்றாதீர்கள். எதிர்விசை?

வளி:
லிப்ட் கயிறு அறுந்தால் எடைமானி 0 காட்டும். அப்போது எது நிலைமக் குறிப்பாயம் (போலி விசை சேர்க்காமலே நியூட்டன் விதி பொருந்தும் இடம்), லிப்டா தரையா?

ஊசல்:
அதைத் தனித் திரியில் கேளுங்கள். முதலில் அந்த 11 பாகைக்கு அவர் பதில் சொல்லட்டும்.