சனி, ஞாயிறு இரண்டே நாள், தனியாக: மைசூரா, மதுரையா, கொச்சியா, புதுச்சேரியா?

உப்புக்காற்று எழுதியது:

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு தனியாக எங்காவது போய்வரலாம் என்று இருக்கிறேன். வீடு தாம்பரம், ஆபீஸ் கிண்டி. வெள்ளிக்கிழமை ஆறரைக்கு முன்னால் கிளம்ப முடியாது. திங்கள் காலை பத்து மணிக்குத் திரும்ப சீட்டில் இருக்க வேண்டும்.

கார், பைக் கிடையாது. விமானமும் வேண்டாம். ரூம் சுமாராக இருந்தால் போதும், ஆனால் சுத்தமாகவும் பயமில்லாமலும் இருக்கணும். நடக்கப் பிடிக்கும், பழைய கட்டடங்கள் பிடிக்கும், சாப்பாட்டில் எந்தத் தடையும் இல்லை. கூட்டமாக டூர் போய் இருபது இடத்தில் இறங்கி ஏறுவது ஆகாது.

மைசூர், மதுரை, கொச்சி, புதுச்சேரி என்று நாலு ஊர் மனதில் இருக்கிறது. போகிறது ஒரு பெண், அதுவும் தனியாக என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

தண்டவாளம் எழுதியது:

ஊரைப் பிறகு பார்க்கலாம், முதலில் ரயிலைப் பாருங்கள். உங்களுக்கு இருப்பது சுமார் 36 மணி நேரம். வெள்ளி ராத்திரி தூங்கிக்கொண்டே போய், ஞாயிறு ராத்திரி தூங்கிக்கொண்டே வரும் ஊர்தான் சரிப்படும். பகலில் ஆறு மணி நேரம் பயணம் என்றாலே பாதி நாள் போச்சு.

கொச்சிக்கு உங்கள் நேரத்தில் சிக்கல். திருவனந்தபுரம் மெயில் சென்ட்ரலில் ஏழரை மணிவாக்கில் கிளம்பிவிடும். கிண்டியில் ஆறரைக்கு மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கிப் பிடிப்பது முடியாத காரியமில்லை. ஆனால் ஒரு மின்சார ரயில் பத்து நிமிஷம் தாமதமானால் வார இறுதி மொத்தமும் காலி. ஓணம் நெருங்கும் சமயம் என்றால் கேரள ரயில்களில் டிக்கெட்டும் கிடைக்காது.

மைசூருக்குக் காவேரி எக்ஸ்பிரஸ். சென்ட்ரலில் ஒன்பது மணிக்கு மேல், காலை ஏழு மணிக்குள் மைசூர். பையை ஆபீசுக்கே எடுத்துப் போய்விட்டால் போதும், தாம்பரம் வந்து திரும்ப வேண்டாம்.

மதுரைக்குப் பாண்டியன். இது தாம்பரத்தில் நிற்கும், பத்து மணிக்கு மேல். வீட்டில் சாப்பிட்டுவிட்டே ஏறலாம். ஞாயிறு ராத்திரி அதே வண்டியில் ஏறினால் திங்கள் ஐந்து மணி சுமாருக்குத் தாம்பரம், குளித்துவிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போடலாம்.

டிக்கெட் விஷயம்: முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். வெள்ளி போக, ஞாயிறு வர, இந்த இரண்டும்தான் முதலில் தீரும். அதனால் திரும்பும் டிக்கெட்டை முதலில் போடுங்கள். போகும் டிக்கெட் கிடைக்காவிட்டாலும் பஸ் இருக்கிறது, திங்கள் காலை வந்து சேர்வதுதான் தலை போகிற விஷயம். ஸ்லீப்பரில் லேடீஸ் கோட்டா என்று தனியாக பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. முன்பதிவுத் தளத்தில் கோட்டா என்ற கட்டம் பொதுப் பிரிவிலேயே நிற்கும், அதை மாற்றிப் பார்த்தால்தான் கண்ணில் படும். பலர் வெயிட்டிங் லிஸ்ட் என்று கைவிடுவது இதைப் பார்க்காமல்தான்.

தட்கல் என்றால் வண்டி கிளம்புவதற்கு முந்தின நாள், ஏசி பத்து மணிக்கு, ஸ்லீப்பர் பதினொன்றுக்கு. அந்தத் தளத்தில் உள்ள உங்கள் கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். அதை அன்று காலை ஆரம்பித்தால் ஓடிபி வருவதற்குள் டிக்கெட் தீர்ந்துவிடும். தட்கலில் உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது.

ஆர்.ஏ.சி. கிடைத்தால் தனியாகப் போகும் பெண்களுக்கு என் யோசனை, வேண்டாம். சைடு லோயர் பெர்த் இரண்டு பேருக்குப் பாதிப் பாதி. உறுதியாகாவிட்டால் முன்பின் தெரியாத ஆளோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போக வேண்டிவரும். பெர்த் கேட்கும்போது அப்பர் கேளுங்கள். பை தலைமாட்டில் இருக்கும், காலையில் யாரும் "கொஞ்சம் எழுந்திரும்மா, உட்காரணும்" என்று எழுப்ப மாட்டார்கள்.

சாமுண்டிப்படி எழுதியது:

பழைய கட்டடமும் நடையும் என்றால் மைசூர்தான். ஆகஸ்டில் தூறல் இருக்கும், வெயில் இருக்காது. மதுரையில் அந்த மாசம் மத்தியானம் நடந்து பாருங்கள், தெரியும்.

சனி, ஞாயிறு உங்களுக்கு வசதியாகவே அமைகிறது, காரணம் அரண்மனை விளக்கு. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் சாயங்காலம் ஏழு மணிக்கு மொத்த அரண்மனையும் பல்பு வெளிச்சத்தில் எரியும், முக்கால் மணி நேரம்போல. ஸ்டேஷன் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஏழு மணிக்கு விளக்கு போட்டதும் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ஏழரைக்கு ஆட்டோ பிடித்தால் திரும்பும் காவேரியைப் பிடிக்கலாம். கடைசி விளக்கு அணையும்வரை நின்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், அப்புறம் ஆட்டோ கிடைக்காது. இது அனுமானம் இல்லை, ஒவ்வொரு ஞாயிறும் அங்கே நடப்பது.

அரண்மனைக்கு உள்ளே போவதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காதீர்கள். சனி காலை பத்து மணிக்குத் திறந்ததும் போய்விடுங்கள். செருப்பு வெளியே. பழைய மர அரண்மனை 1897-ல் எரிந்துபோன பிறகு ஹென்றி இர்வின் வரைந்து 1912-ல் முடிந்த கட்டடம் இது. நம் சென்னை உயர்நீதிமன்றத்திலும் அவர் கை உண்டு, தெரிந்து பார்த்தால் சிவப்புக் குவிமாடங்களின் சாயல் பிடிபடும்.

சாமுண்டி மலைக்கு ஞாயிறு காலை. நகர பஸ் நிலையத்திலிருந்து மேலே பஸ் போகும். ஏறும்போது பஸ், இறங்கும்போது படி, இதுதான் சரியான வரிசை. ஆயிரத்துச் சொச்சம் படி. மேலிருந்து முந்நூறு படி இறங்கினால் ஒற்றைக் கல் நந்தி. எட்டு மணிக்குள் என்றால் நடைப்பயிற்சிக்காரர்கள் நிறைய இருப்பார்கள், தனியாக இருக்கும் உணர்வே வராது. சாயங்காலம் அந்தப் படி வேண்டாம். மழை பெய்திருந்தால் படியில் பாசி வழுக்கும், பிடிப்பு தேய்ந்த செருப்போடு இறங்கக் கூடாது. அடிவாரத்தில் பஸ் சுலபத்தில் கிடைக்காது, ஆட்டோக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்பார். ஆப்பில் வண்டி போட்டுக்கொள்ளுங்கள்.

கர்நாடக பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கர்நாடக முகவரி உள்ள அட்டைக்குத்தான். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கையில் கொடுப்பார்.

சோமநாதபுரம் கோயில் (1258, ஹொய்சளர்) 35 கிலோமீட்டர். நேர் பஸ் குறைவு, மாறிப் போகணும், அரை நாள் போய்விடும். இரண்டு நாளில் அதைத் திணிக்காதீர்கள். தசரா பக்கம் மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள், ரூம் வாடகை எங்கேயோ போய் நிற்கும்.

வைகைக்கரை எழுதியது:

மைசூர் நல்ல ஊர்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா ராத்திரி ஒன்பதரைக்கு மேல அங்க தனியா ஒரு பொம்பளைப் பிள்ளை சாப்பிட எங்க போகும்? மதுரையில அந்த நேரத்துலதான் ஊரே சாப்பிட ஆரம்பிக்கும். டவுன்ஹால் ரோட்டுல, மாசி வீதிகள்ல ராத்திரி பதினொரு மணிக்கும் குடும்பம் குடும்பமா நடமாட்டம் இருக்கும். தனியாப் போறவங்களுக்கு ஆள் நடமாட்டம்தான் பாதுகாப்பு.

ஊர் அமைப்பும் வழி தவற விடாது. கோயிலைச் சுத்தி சித்திரை, ஆவணி மூலம், மாசின்னு வீதிகள் சதுரம் சதுரமா போகும், அதுக்கு வெளிய வெளி வீதி. பேருக்கு முன்னால மேல, கீழ, வடக்கு, தெக்குன்னு திசை ஒட்டியிருக்கும். ஸ்டேஷன் இருக்கிறது மேற்கே. அதனால "மேல" வீதியில நிக்கிறீங்கன்னா கோபுரம் கிழக்கே, ரூம் மேற்கே. மேப் தேவையே இல்ல.

இப்ப முக்கியமான கணக்கு, லாட்ஜ். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் பல லாட்ஜ்ல 24 மணி நேர செக்-அவுட். ஏறுன நேரத்துலேருந்து 24 மணி நேரம். பாண்டியன்ல ஐந்தரைக்கு இறங்கி தூக்கக் கலக்கத்துல நேரா போய் ரூம் போட்டீங்கன்னா, ஞாயித்துக்கிழமை காலை ஐந்தரைக்கு ரூம் முடிஞ்சுபோச்சு! அப்புறம் ராத்திரி ரயில்வரைக்கும் தெருவுல நிக்கணும், இல்ல இன்னொரு நாள் வாடகை அழணும். தனி ஆளா இருந்தாலும் ரெண்டு பேர் வாடகைதான் வாங்குவாங்க, அதனால இந்தக் கணக்கு தப்பினா பட்ஜெட்டே ஆட்டம் காணும்.

என்ன செய்யணும்னா, ஸ்டேஷன் பெண்கள் காத்திருப்பு அறையில முகம் கழுவி உடை மாத்திக்கங்க. பையை க்ளோக் ரூம்ல போடுங்க. பைக்குப் பூட்டு கட்டாயம், ஜிப்புல பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டாங்க. சின்னப் பூட்டு ஒண்ணு வீட்டுலேருந்தே கொண்டு வந்துடுங்க. ரயில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேப்பாங்க. அப்படியே கோயிலுக்கு நடந்துடுங்க, ஒரு கிலோமீட்டர். காலைல ஆறு மணிக்கு கோயில் மாதிரி சுகம் வேற இல்ல. டிபன் முடிச்சு, பதினொரு மணிக்கு ரூம் போடுங்க. ஞாயிறு பதினொரு மணி வரைக்கும் உங்களுது. போன்ல புக் பண்ணும்போதே "24 மணி நேரமா, மத்தியானம் பன்னெண்டு மணியா?"ன்னு கேட்டுடுங்க. தனியா வர்ற பெண்ணுக்கு ரூம் தருவீங்களான்னும் அப்பவே கேட்டுடுங்க. சில இடத்துல வாசல்ல வச்சு இழுப்பாங்க, அதை ராத்திரி வண்டியிலேருந்து இறங்கி நின்னுக்கிட்டு பேச வேண்டியதில்ல.

கோயில் மத்தியானம் பன்னெண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். அந்த நேரம் கீழடிக்கு வச்சுக்கங்க. 2023-ல திறந்த அருங்காட்சியகம், சிலைமான் தாண்டி, ஊர்லேருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் சுமார். சாதா டவுன் பஸ்ஸுன்னா பெண்களுக்கு இலவசம். சனி ராத்திரி நடை சாத்துறதுக்கு முன்னால பள்ளியறை பூசை பாருங்க. சொக்கர் பாதத்தைப் பல்லக்குல வச்சு அம்மன் சன்னதிக்குக் கொண்டு போவாங்க, நாதஸ்வரத்தோட. அரண்மனை விளக்கு ஞாயித்துக்கிழமைதான், இது தினம் உண்டு :)

திருமலை நாயக்கர் மகால் பாக்குறது ஞாயிறு காலை. இப்ப நிக்கிறது பழைய அரண்மனையில ஒரு பங்குதான், ஆனா அந்தத் தூண் பக்கத்துல நின்னு அண்ணாந்து பாத்தா மீதி எவ்வளவு இருந்திருக்கும்னு தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆவணி மூலத் திருவிழா அந்த வாரத்துல விழுதான்னு காலண்டர் பாத்துடுங்க. அதுல வர்ற புட்டுத் திருவிழா அன்னிக்கு ரூமும் கிடைக்காது, நடக்கவும் முடியாது.

பாய்மரம் எழுதியது:

கொச்சி பற்றி ஒரு வார்த்தை. ரயில் நேரம் ஒத்துவந்தாலும் சனி, ஞாயிறுக்கு அந்த ஊர் பொருந்தாது. மட்டாஞ்சேரியில் யூதர்களின் தொழுகைக்கூடம் (1568) சனிக்கிழமை திறக்காது. பக்கத்திலேயே இருக்கும் டச்சு அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. ஆக வெள்ளியோ சனியோ போனால் அன்றைக்கு இரண்டில் ஒன்று போச்சு. ஞாயிறு, திங்கள் போகிறவர்களுக்கு இரண்டு நாளும் கொச்சி முழுசாகக் கிடைக்கும். ஆகஸ்டில் மழையும் விடாது. டிசம்பருக்கு மேல் ஒரு திங்கள் லீவு போட்டுப் போங்கள்.

புதுச்சேரிக்கும் இதே பதில்தான், வேறு காரணத்துக்காக. சனி, ஞாயிறில் சென்னையே அங்கேதான் இருக்கும், வாடகையும் அதற்கேற்ப ஏறும். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விட மாட்டார்கள், நடக்க அருமையான இடம். அதைச் செவ்வாய் இல்லாத ஒரு வார நாளில் அனுபவியுங்கள். செவ்வாயில் ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரி மந்திர் உள்ளே போக முடியாது, மற்ற நாளிலும் முன்பதிவு வேண்டும். நேரில் போய் நின்றால் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

உப்புக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. திங்கள் காலை தாம்பரத்திலேயே இறங்கலாம் என்பதாலும், ராத்திரிச் சாப்பாட்டு விஷயத்தாலும் மதுரை என்று முடிவு செய்துவிட்டேன். திரும்பும் டிக்கெட் லேடீஸ் கோட்டாவில் கிடைத்துவிட்டது. மைசூர் அடுத்த முறை.

வைகைக்கரை அண்ணே, ஒரு சந்தேகம். கோயிலுக்குள் மொபைல் விட மாட்டார்கள் என்கிறார்கள். தனியாகப் போகும்போது யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது? உடைக் கட்டுப்பாடு உண்டா?

வைகைக்கரை எழுதியது:

2018 தீ விபத்துக்கு அப்புறம் மொபைலுக்குத் தடை, உண்மைதான். கோபுர வாசலுக்கு வெளியிலேயே மொபைல் வைக்கிற கவுண்ட்டர் இருக்கு, செருப்புக்கு தனி. டோக்கன் தருவாங்க. அதைப் பர்ஸ்ல வச்சு ஜிப் போடுங்க, கையில வச்சுக்கிட்டு பிரசாதம் வாங்கினா எங்கயாவது விழுந்துடும்.

எல்லாரும் மாட்டிக்கிறது இங்கதான்: எந்த வாசல்ல வச்சீங்களோ அதே வாசல்லதான் வாங்க முடியும். உள்ள போய் ரெண்டு பிரகாரம் சுத்தினா திசை மறந்துடும், நாலு கோபுரமும் வெளியிலேருந்து ஒண்ணு போலத்தான் தெரியும். தெக்கு வாசல்ல விட்டுட்டு வடக்கு வாசல்ல வந்து நின்னீங்கன்னா, மத்தியான வெயில்ல வெறுங்காலோட சித்திரை வீதி பாதி சுத்தணும், போன் பண்ணி யாரையும் கூப்பிடவும் முடியாது. கிழக்கே அம்மன் சன்னதி வாசல்ல விட்டுடுங்க. வெளிய வரும்போது வழி தெரியலன்னா "அம்மன் சன்னதி வாசல் எங்கே"ன்னு யாரைக் கேட்டாலும் கை காட்டுவாங்க.

உடை: சேலை, சுடிதார் துப்பட்டாவோட, ரெண்டும் சரி. கையில்லாத சட்டை, அரைக்கால் ட்ரவுசர் மாதிரி போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. லாட்ஜ் முகவரி அட்டை ஒண்ணு வாங்கிப் பர்ஸ்ல வச்சுக்கங்க, போன் இல்லாத நேரத்துக்கு. சில்லறையா பத்து, இருபது ரூபாய் நோட்டும் வச்சுக்கங்க, ஜிபே பண்ண உள்ள போன் இருக்காது!