துணி நாப்பிக்கு வீட்டிலேயே கவர் தைப்பது

குழு: நம் வீட்டுச் சொந்தங்கள்

கயல், காலை 9:10
பெரியம்மா, வணக்கம். பாப்பாவுக்கு நாளையோடு ஆறு வாரம் முடிகிறது, எடை நான்கரை கிலோ. பகலெல்லாம் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த நாப்பிகளைத்தான் கட்டுகிறோம். தோலில் ஒரு சிவப்புகூட இல்லை. ஆனால் தூக்குகிறவரின் புடவையும் படுக்கை விரிப்பும் ஒவ்வொரு முறையும் நனைந்துவிடுகின்றன. மேலே போடும் கவரை நானே தைக்கலாம் என்று பார்க்கிறேன். என்னிடம் இருப்பது அம்மாவின் கால் மெஷின்தான், அதில் நேர்த்தையல் மட்டுமே விழும். வீட்டில் பழைய மழைக்கோட்டு ஒன்று கிடக்கிறது. அந்தத் துணி போதுமா?

தமயந்தி பெரியம்மா, காலை 9:42
மழைக்கோட்டுத் துணி வேண்டாம் கயல். அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பிள்ளைக்குத் தொடை இடுக்கு வெந்துவிடும். பியுஎல் துணி என்று கேட்டு வாங்கு. பாலியஸ்டர் பின்னல் துணியின் ஒரு பக்கத்தில் பாலியூரித்தேன் படலத்தை ஒட்டியிருப்பார்கள். அது நீரைத் தடுக்கும், ஆவியை ஓரளவு வெளியே விடும். படலம் ஒட்டிய வழவழப்பான பக்கம் நாப்பியைத் தொடும்படி உள்ளே வர வேண்டும். ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் அரை மீட்டர் வாங்கினால் பாப்பாவின் அளவுக்கு மூன்று கவர் வரும்.

முரளி, காலை 9:58
மழைக்கோட்டு என்றதும் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் மேரியன் டானவன் என்ற தாய் 1946இல் இதே தொல்லைக்காகக் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தன் தையல் மெஷினில் நாப்பி கவர் தைத்தார். பிறகு பாராசூட் நைலானுக்கு மாறி, ஊக்குக்குப் பதில் அழுத்துப் பொத்தான் வைத்தார். 1949இல் நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் அது விற்பனைக்கு வந்தது, 1951இல் காப்புரிமையும் கிடைத்தது.

தமயந்தி பெரியம்மா, காலை 10:20
அந்த அம்மாள் ஊக்கை நீக்கியதைத்தான் நான் பெரிய காரியமாக நினைக்கிறேன் முரளி.

கயல், முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல துணி நடுவில் கசியாது. கசிவதெல்லாம் ஓரத்திலும் நூலிலும்தான். என் மூத்த பேத்திக்கு நான் தைத்த முதல் கவருக்கு, பார்வையாக இருக்கட்டும் என்று கால் வளைவு முழுவதும் ஓரத்தை மூடும் மஞ்சள் பருத்தித் துணிப்பட்டையை, அதாவது பைப்பிங், வைத்தேன். அரை மணி நேரத்தில் அந்த மஞ்சள் தொடைப் பக்கமிருந்து கருத்துக்கொண்டே வந்து, சுற்றிலும் நனைந்து, என் மடிக்கு வந்துவிட்டது. நடுத் துணி மட்டும் வெளியே சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் பருத்தி அதை இழுத்திருக்கிறது. பருத்தி நூலும் அப்படித்தான் இழுக்கும் என்பதால் பாலியஸ்டர் நூலில் மட்டும் தை.

கயல், காலை 10:31
பைப்பிங் இல்லாமல் ஓரத்தை எப்படி முடிப்பது பெரியம்மா? நேர்த்தையலில் எலாஸ்டிக்கை இழுத்து அடித்தால் நூல் அறுந்துவிடுகிறது.

தமயந்தி பெரியம்மா, காலை 11:05
எலாஸ்டிக்கின் மேல் தைக்கவே வேண்டாம். பாப்பாவுக்கு நாப்பியைக் கட்டிவிட்டு, தொப்புளுக்குக் கீழே தொடங்கி கால் இடுக்கு வழியாகப் பின் இடுப்பு வரை அளந்து, இரு முனையிலும் ஒவ்வோர் அங்குலம் கூட்டிக்கொள். நாப்பி இல்லாத வெறும் உடம்பில் அளந்தால் கவர் சின்னதாகிவிடும். வடிவம் உடுக்கைபோல் வரும். நடுவில் இடுங்குகிற இடம் மடித்த நாப்பியைவிட இருபுறமும் ஒன்றரை அங்குலமாவது அகலமாக இருக்க வேண்டும். பின்பக்கத்தை இரு சிறகாக நீட்டி விட்டால் அவை முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கால் வளைவின் ஓரத்தை அரை அங்குலம் வெளிப்பக்கமாக மடி, சட்டைக்கு மடிப்பதுபோல் உள்ளே மடித்துவிடாதே. உள்ளே மடித்தால் பின்னல் பக்கம் ஈர நாப்பியைத் தொட்டு, ஈரத்தை மெல்ல வெளியே இழுத்துவரும். வெளியே மடித்தால் வழவழப்பே ஓரம் வரை வந்து நிற்கும். மடிப்பை நேர்த்தையலில் ஒரு குழல்போல் அடித்து, 6 மில்லிமீட்டர் எலாஸ்டிக்கை ஊக்கில் கோத்து உள்ளே செலுத்து. ஒரு முனையைத் தைத்து நிறுத்தி, மறுமுனையை நீளமாக விட்டுவிட்டு, எடுத்த ஊக்கைக் கையோடு டப்பாவில் போட்ட பிறகே பிள்ளைக்குப் போட்டுப் பார். எலாஸ்டிக்குக்கும் தொடைக்கும் நடுவே உன் விரல் தாராளமாக நுழையும்வரை தளர்த்தி, அந்த இடத்தில் குறியிட்டுத் தை. பின் இடுப்புக்கும் இப்படியே ஒன்று.

பின்னல் துணிக்கான, முனை மழுங்கிய 11ஆம் எண் ஊசி போடு. தையலை 3 மில்லிமீட்டருக்கு நீட்டிக்கொண்டால் துளைகள் குறையும். குண்டூசி குத்தாதே, குத்திய துளை மூடாது. துணி காயப்போடும் கிளிப்பே போதும். படலம் மெஷின் பாதத்தில் ஒட்டி நகர மறுத்தால், பட்டர் பேப்பர் துண்டை நடுவில் வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் கிழித்து எடுத்துவிடலாம்.

கயல், காலை 11:19
முன்னால் ஒட்டுவதற்கு வெல்க்ரோ வைக்கட்டுமா, பட்டன் வைக்கட்டுமா?

தமயந்தி பெரியம்மா, காலை 11:26
இந்த வயதுக்கு வெல்க்ரோ நல்லது, வயிறு உப்பும்போது தளர்த்தவும் வற்றும்போது இறுக்கவும் கைக்கு எளிது. துவைக்கும்போது ஒட்டி மூடிவிடு, இல்லாவிட்டால் நாப்பியின் நூலையெல்லாம் பிடுங்கிக்கொள்ளும்.

கோத்தகிரி அத்தை, பிற்பகல் 1:15
இங்கே குளிரில் இரவுக்கு நான் கம்பளிக் கவர்தான் போட்டேன். அசல் ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்த பிறகும் தொட்டால் ஈரம் தெரியாது. பழைய ஸ்வெட்டரைச் சோப்புச் சுடுநீரில் அலசிக் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும், அதை வெட்டித் தைத்தால் போதும். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகான லனோலினைச் சிறிது பிள்ளைச் சோப்போடு வெந்நீரில் கரைத்து, அது வெதுவெதுப்பானதும் கவரைச் சில மணி நேரம் ஊறவைத்தால் நீர் ஒட்டாது. கடைகளில் கம்பளி என்று தருவதில் பல அக்ரிலிக் என்ற செயற்கை இழை. ஒரு நூலை இடுக்கியில் பிடித்து எரித்துப் பார். கம்பளியானால் முடி கருகிய வாடை வந்து, விரலில் நசுங்கும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகிவிடும்.

கயல், பிற்பகல் 1:40
சென்னை வெயிலுக்குக் கம்பளியை டிசம்பருக்கு வைத்துக்கொள்கிறேன் அத்தை. லனோலின் மருந்துக்கடையில் கிடைக்குமா?

கோத்தகிரி அத்தை, பிற்பகல் 1:52
பால் கொடுக்கும் தாய்மாருக்கு மார்புக்காம்பு வெடிப்புக்குப் போடும் களிம்பாகவே விற்கிறார்கள். மேலே லனோலின் மட்டும் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கு.

கயல், மறுநாள் இரவு 8:05
பெரியம்மா, முதல் கவர் தயார். ஒன்றரை மணி நேரம் போட்டிருந்தேன். இடது தொடை உலர்ந்திருக்கிறது, வலது தொடைப் பக்கம் மட்டும் கவுனில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். தையலில் பிழையா?

தமயந்தி பெரியம்மா, இரவு 8:14
வலப்பக்கம் நாப்பியின் முனை எங்காவது எலாஸ்டிக்குக்கு வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று பார்.

கயல், இரவு 8:21
ஆமாம் பெரியம்மா, வேட்டி ஓரத்தின் ஒரு நூலிழை நீட்டிக்கொண்டிருந்தது.

தமயந்தி பெரியம்மா, இரவு 8:30
அந்த ஒரு இழை போதும். கவர் மாட்டியதும் இரு தொடை ஓரத்திலும் விரலை ஓட்டி, வெளியே தெரிவதையெல்லாம் உள்ளே தள்ளிவிடு. மலம் படாத கவரை ஈரத்துணியால் துடைத்து, காற்றாடவிட்டு மறுபடி போடலாம். அதனால் ஐந்து கவர் இருந்தால் ஒரு நாள் தாராளமாக ஓடும். நாப்பியை நல்ல வெயிலில் போடு, கவரை நிழலில் போடு. கொதிநீர், பிளீச், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் கவரின் பக்கம் கொண்டுபோகாதே. துணியை மென்மையாக்கும் திரவத்தை நாப்பியிலும் சேர்க்காதே, அது ஒட்டிக்கொண்டால் வேட்டித்துணி ஈரத்தைக் குடிக்காது. மீதித் துணியை ஞாயிற்றுக்கிழமை எடுத்து வா. பாப்பா தவழும் வயதுக்கு ஏற்ற பெரிய அளவைச் சேர்ந்து உட்கார்ந்து வெட்டிவிடலாம்.