சர்ஃபாசி நோட்டீஸ்: கைமாறிய கடனுக்கு நிபுணர் அறிக்கை எப்படித் தயாரிக்க?

பாளை_ஆடிட்டர்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஒரு கடைக்காரருக்கு மேலப்பாளையத்தில் கீழே கடை, மேலே வீடு. அதை அடமானம் வைத்து என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்) ஒன்றில் 25 லட்சம், 14% வட்டி, 120 மாதத் தவணை. இடையில் கடன் ஒரு ஏஆர்சிக்கு (வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் நிறுவனம்) கைமாறி, இப்போது அவர்கள் பெயரில் சர்ஃபாசி (அடமானச் சொத்தை எடுத்துக் கடனை வசூலிக்கும் சட்டம்) 13(2) பிரிவில், கடனைக் கட்டச் சொல்லி நோட்டீஸ். "இவர்களிடம் நான் கடனே வாங்கலையே" என்கிறார் கடைக்காரர். அது நிற்குமா? அவருக்காக நான் எழுதும் கணக்கு அறிக்கையை எங்கே தொடங்க?

தாமிரபரணி_வக்கீல்:
நிற்காது. சர்ஃபாசி 5-ஆம் பிரிவுப்படி ஏஆர்சி கடனை வாங்கியதும் கடன் கொடுத்தவரின் உரிமை அதற்குப் போய்விடும். நீங்கள் பார்க்க வேண்டியது அசைன்மெண்ட் பத்திரத்தின் (கடனைக் கைமாற்றிய பத்திரம்) அட்டவணை. முதல் சில பக்கங்களை மட்டும் நகல் தருவார்கள். இந்தக் கடன் எண் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். செர்சாயில் (அடமானங்களைப் பதியும் மத்தியப் பதிவேடு) அடமானம் பதிவாகியிருக்கிறதா என்றும் தேடுங்கள். பதிவில்லாமல் நடவடிக்கை எடுக்க 26டி பிரிவு விடாது.

கணக்கு_முத்து:
அண்ணாச்சி, உயிர் ஸ்டேட்மெண்டில்தான் இருக்கு. முதல் நாளிலிருந்து முழு லெட்ஜரையும் (வரவு செலவுப் பதிவு) எக்செல்லாகக் கேளுங்கள், பிடிஎஃப் வேண்டாம். உங்கள் கடனுக்குத் தவணை 38,817. முதல் மாதம் வட்டி 29,167, அசல் 9,650. இதை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் எந்த மாதம் பிசகுகிறது என்று தெரியும்.

பெரும்பாலும் பிசகுவது பணத்தை வரவு வைக்கும் வரிசையில். செக் திரும்பியதற்கு 500 போடுவார்கள். அடுத்த மாதம் முழுத் தவணை கட்டினாலும் முதலில் அந்த 500-ஐ எடுத்துவிட்டு 38,317-ஐத் தவணைக்கு வைப்பார்கள். 500 குறைவு மாதாமாதம் தொடர்ந்து வந்து, கட்டுகிறவர் கணக்கையும் வாராக்கடனாகக் காட்டிவிடும். ஒப்பந்தத்தில் எந்த வரிசை சொல்லியிருக்கிறது என்று பக்க எண்ணோடு எழுதுங்கள்.

அடுத்து அபராதம். தவறிய தவணைக்கு 24% என்றால் 35 நாளுக்கு 893 ரூபாய். அதையே 24 லட்சம் முழு நிலுவைக்கும் போட்டால் 55,233. எதன் மேல் போட்டார்கள் என்பதே கேள்வி. அபராதத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கை; 2024-இல் அமலுக்கு வந்தது. முந்தைய காலத்துக்கு ஒப்பந்தமே கதி.

வாராக்கடன் தேதியையும் நாள் எண்ணிச் சரிபாருங்கள். மார்ச் 31 தவணை தவறினால் ஜூன் 29-இல்தான் ஆகும்.

தாமிரபரணி_வக்கீல்:
நோட்டீஸ் வந்து 60 நாளுக்குள் ஆட்சேபம் கொடுங்கள், முத்து அண்ணாச்சி சொன்ன கணக்கை இணைத்து. 15 நாளில் அவர்கள் பதில் தந்தாக வேண்டும். இந்தக் கட்டத்திலேயே டிஆர்டிக்கு (கடன் வசூல் தீர்ப்பாயம்) ஓடாதீர்கள், மனுவை எடுக்க மாட்டார்கள். 13(4)-இல் சொத்தை எடுத்துக்கொண்டதாகச் சுவாதீன நோட்டீஸ் ஒட்டியதிலிருந்து 45 நாளுக்குள் அங்கே மனுப் போடலாம். நம்ம ஊருக்கு மதுரை டிஆர்டி. எக்செல் அச்சுக்கு புதிய சாட்சிய சட்டம் (பாரதிய சாட்சிய அதிநியம்) 63-ஆம் பிரிவுச் சான்று, ஹாஷ் எண்ணோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்), இரண்டு பகுதியும் வையுங்கள். பகுதி பி நிபுணர் கையெழுத்துக்கு.