8 கோர், 16 த்ரெட்: வேலையை 16 ஆகப் பிரித்தும் வேகம் கூடவில்லையே, ஏன்?

ஈசூன்மாணவன் எழுதியது:

வணக்கம். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். பெருவிரைவு ரயில் மேம்பாலத்தை ஒட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் சத்தம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடும் நிரல் ஒன்றைத் திட்டப்பணிக்காக சி++ மொழியில் எழுதியிருக்கிறேன். அதன் நேரத்தில் பெரும்பகுதி, பெரிய மேட்ரிக்ஸ் சமன்பாடுகளைத் தீர்ப்பதிலேயே போகிறது. கணினியில் இருப்பது ரைசன் 7 5700எக்ஸ், விண்டோஸ் 11. டாஸ்க் மேனேஜரில் கோர் 8 என்றும் லாஜிக்கல் ப்ராசசர் 16 என்றும் காட்டுகிறது.

நிரலை 8 த்ரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் 8 கட்டளைத் தொடர்களாகப் பிரித்து) ஓட்டினால் 52 விநாடி ஆகிறது; அப்போது சிபியு பயன்பாடு பாதியை ஒட்டியே நிற்கிறது. மீதிப் பாதி சும்மா கிடக்கிறதே என்று 16 த்ரெட்டாக மாற்றினேன். பயன்பாடு 100 விழுக்காட்டைத் தொட்டது, நேரமோ 54 விநாடி. முதல் எட்டு எண்கள்தான் உண்மையான கோர்கள், மற்ற எட்டும் பெயருக்குத்தான் என்று நண்பர் ஒருவர் சொன்னதால், நிரல் எந்த லாஜிக்கல் ப்ராசசர்களில் ஓடலாம் என்று குறிக்கும் அஃபினிட்டி பகுதியில் 0 முதல் 7 வரை மட்டும் தேர்ந்தெடுத்து 8 த்ரெட்டை ஓட்டிப் பார்த்தேன். 97 விநாடி ஆனது. ஆனால் இதே கணினியில் பெரிய சி++ தொகுப்பைக் கம்பைல் செய்யும்போது, ஒரே சமயத்தில் 8 கோப்புகளுக்குப் பதிலாக 16 கோப்புகளை விட்டால் நேரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கோளாறு ப்ராசசரிலா, நிரலிலா? ஒரே கோரில் இரண்டு த்ரெட்டை ஓடவிடும் எஸ்எம்டி வசதியை பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பகுதியில்) அணைத்துவிடலாமா?

பிடோக்சர்வர் எழுதியது:

தம்பி, இரண்டிலும் கோளாறில்லை. கட்டளைகளைப் பிரித்தறியும் பகுதி, அவற்றைச் செய்துமுடிக்கும் கணக்கீட்டு அலகுகள், தரவை அருகிலேயே வைத்திருக்கும் சிறு, வேகமான நினைவகமான எல்1, எல்2 கேஷ் ஆகியவை எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு கோர். உங்கள் ப்ராசசரில் அப்படி எட்டு மட்டுமே இருக்கின்றன. எஸ்எம்டி இருக்கும்போது, கணக்கில் இருக்கும் மதிப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களின் நிலையும் அடுத்துச் செய்யவேண்டிய கட்டளையைச் சுட்டும் ப்ரோகிராம் கவுன்ட்டரும் ஒவ்வொரு கோரிலும் இரண்டு த்ரெட்டுக்குத் தனித்தனியாக வைக்கப்படுகின்றன. அதனால் ஒவ்வொரு கோரும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இரண்டு ப்ராசசராகத் தெரிகிறது. கூட்டிப் பெருக்கும் அலகுகளோ ஒரே தொகுதிதான். 32 கேபி அளவுள்ள எல்1 டேட்டா கேஷையும் இருவரும் பங்கிட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒற்றை த்ரெட் ஒரு கோரின் எல்லா அலகுகளையும் ஒவ்வொரு சைக்கிளிலும் (கிளாக் துடிப்பிலும்) நிரப்புவது அரிது. தரவு எந்தக் கேஷிலும் இல்லாமல் ராம் வரை போகவேண்டியிருந்தால் சில நூறு சைக்கிள்கள் காத்திருப்பிலேயே கழியும். நிரலில் நிபந்தனையைப் பொறுத்துப் பிரியும் கிளை எந்தப் பக்கம் போகும் என்ற ஊகம் தவறினால் செய்த வேலையைத் தூக்கியெறிந்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். இந்த வெற்றிடங்களை இன்னொரு த்ரெட்டின் கட்டளைகளால் நிரப்பலாம் என்பதைத்தான் 1995இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டீன் டல்சன், சூசன் எக்கர்ஸ், ஹென்றி லெவி ஆகியோர் ஆய்வுக்கட்டுரையாக முன்வைத்தார்கள். இன்டெல் 2002இல் ஹைப்பர்த்ரெடிங் என்ற பெயரில் அதைச் சியான், பென்டியம் 4 ப்ராசசர்களில் கொண்டுவந்தது.

கம்பைலரின் வேலை முழுக்க முழுக்கக் கிளைகளும் நினைவகத்தில் அங்குமிங்கும் தாவுவதுமாக இருப்பதால் அதில் வெற்றிடம் ஏராளம். அதனால் இரண்டாவது த்ரெட்டுக்கு இடம் கிடைக்கிறது. நன்றாக எழுதப்பட்ட மேட்ரிக்ஸ் நூலகமோ தரவைக் கேஷுக்குள் அடங்கும் துண்டுகளாக வெட்டி, பெருக்கல் அலகுகளை ஏறக்குறைய ஒவ்வொரு சைக்கிளிலும் வேலையில் வைத்திருக்கும்படி அமைக்கப்பட்டது. பரோட்டாக் கல் ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது மாவு பிசைய இன்னொருவரைச் சேர்த்தால் பரோட்டா கூடுதலாக வராது; உங்கள் 16 த்ரெட் ஓட்டத்தில் நடந்ததும் இதுவே. கூடுதலான 2 விநாடி பெரும்பாலும் இருவரும் ஒரே கேஷுக்குப் போட்டியிடுவதால் வந்திருக்கும். டாஸ்க் மேனேஜரின் பாதி என்ற கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம்: 16 லாஜிக்கல் ப்ராசசர்களில் 8 வேலையில் இருக்கின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை, அலகுகளில் எவ்வளவு மிச்சம் என்பதை அது அளப்பதே இல்லை.

97 விநாடிக்குக் காரணம் வேறு. விண்டோஸ் ஒரே கோரின் இரண்டு த்ரெட்டுகளுக்கும் அடுத்தடுத்த எண்களைத் தருகிறது. 0, 1 இரண்டும் முதல் கோர், 2, 3 இரண்டும் அடுத்த கோர். ஆகவே 0 முதல் 7 வரை தேர்ந்தெடுத்தபோது நான்கு கோர்களில் எட்டு த்ரெட்டை அடைத்து, மற்ற நான்கை வெறுமனே விட்டுவிட்டீர்கள். உங்கள் நண்பர் லினக்ஸில் வேலை செய்பவராக இருக்கக்கூடும். அங்கே பல கணினிகளில் 0க்கு ஜோடி 8 என்று வருவதால் அவர் சொன்னது பொருந்தும். இப்போது 0, 2, 4 என 14 வரை இரட்டை எண்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாருங்கள். கட்டளை வரியில் ஸ்டார்ட் கட்டளைக்கு அஃபினிட்டி மதிப்பாக 5555 கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கும்.

ஈசூன்மாணவன் எழுதியது:

மிக்க நன்றி, அண்ணன். இரட்டை எண்களில் 51 விநாடி. ஒரு சந்தேகம்: நான்கு கோர் மட்டும் வேலை செய்தது என்றால் நேரம் 104 விநாடிக்கு அல்லவா போயிருக்க வேண்டும்?

பிடோக்சர்வர் எழுதியது:

குறைவான கோர்கள் உழைக்கும்போது மின்சக்தியிலும் வெப்பத்திலும் மிச்சம் இருப்பதால், ப்ராசசர் அவற்றின் கிளாக் வேகத்தைச் சற்று உயர்த்திக்கொள்ளும். வித்தியாசம் அங்கிருந்து வந்திருக்கலாம். அஃபினிட்டியைத் தொடாமல் விட்டபோதே 52 விநாடி வந்தது என்பதையும் கவனியுங்கள். எந்த எண் எந்தக் கோருக்குரியது என்பது விண்டோஸுக்குத் தெரியும், முதலில் காலியான கோர்களுக்கே வேலையைக் கொடுக்கும். ஒரு விநாடிக்காக நிரலில் இதை நிரந்தரமாக எழுதிவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், வேறு கணினிக்குப் போனால் அதுவே தொல்லையாகிவிடும். த்ரெட் எண்ணிக்கையைக் கோர்களின் எண்ணிக்கைக்குச் சமமாக வைத்தால் போதும்.

தெம்பனீஸ்அக்கா எழுதியது:

பயாஸ் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அணைக்க வேண்டாம், தம்பி. நிரலில் 8 த்ரெட் என்று வைத்துக்கொண்டால் அதே பலன்தான். அணைத்தால் கம்பைல் நேரத்தில் கிடைக்கும் இலாபமும் போய்விடும். 2018இல் எல்1டிஎஃப் போன்ற பாதுகாப்புக் குறைகள் வெளிவந்த காலத்தில், ஒரே கோரைப் பங்கிடும் த்ரெட்டுகளுக்கிடையே தகவல் கசியலாம் என்று சில இடங்களில் அணைத்தார்கள். அது பலருடைய வேலைகள் ஒரே இயந்திரத்தில் ஓடும் சர்வர்களின் கவலை.

திட்டப்பணியைக் கிளவுடுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. அமேசானின் சிங்கப்பூர் வட்டாரத்தில் 16 விசிபியு (மெய்நிகர் ப்ராசசர்) கொண்ட இன்டெல் இன்ஸ்டன்ஸை (வாடகைக்குத் தரும் கணினியை) எடுத்தால், அது பொதுவாக 16 த்ரெட், அதாவது 8 கோர். அமேசானின் சொந்த ப்ராசசரான கிராவிட்டான் வகையில் எஸ்எம்டி கிடையாது என்பதால் 16 விசிபியு என்பது 16 கோர். உங்களுடையதைப் போன்ற மேட்ரிக்ஸ் வேலைக்கு விலையை ஒப்பிடும்போது விசிபியு எண்ணிக்கையால் வகுக்காமல், கோர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.