டெம்ப்நாம் வேண்டாம் என்று லிங்க்கர் ஏன் எச்சரிக்கிறது?

இரவுப்பணி:

வணக்கம். ரெண்டு நாளாக மண்டையைக் குடையும் ஒரு சந்தேகம். சி-யில் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறேன். தினமும் ராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) ஓடி, அன்றைய லாக்குகளைப் படித்து ஒரு சிஎஸ்வி அறிக்கை தயாரிக்கும். பாதி எழுதிய ஃபைலை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக முதலில் /டெம்ப்-இல் எழுதி, முடிந்ததும் ரீநேம் செய்து அறிக்கைகள் டைரக்டரிக்குக் கொண்டுபோகிறேன். பெயருக்கு டெம்ப்நாம், திறப்பதற்கு எஃப்ஓப்பன் என்ற சி ஃபங்ஷன்கள், அவ்வளவுதான்.

கம்பைல் ஆன துண்டுகளை லிங்க்கர் இணைக்கும்போது ஒவ்வொரு முறையும் "டெம்ப்நாம் ஆபத்தானது, எம்கேஎஸ்டெம்ப் மேல்" என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வருகிறது. ஆறு மாதமாக ஒரு பிரச்சினையும் இல்லை என்பதால் கண்டுகொள்ளாமல் விட்டேன். இப்போது டெபியன் 13 போட்ட புது சர்வருக்கு மாற்றியதும் ரீநேம் தோற்கிறது, "இன்வேலிட் கிராஸ்-டிவைஸ் லிங்க்" என்கிறது. எச்சரிக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? கூட வேலை செய்பவர், டெம்ப்நாமை விட்டுவிட்டு பெயரில் பிராசஸ் எண்ணைச் சேர்த்தால் போதும் என்கிறார். சர்வரில் இன்னும் பத்துப் பேருக்கு லாகின் இருக்கிறது. எது சரி?

தாழ்வாரம்:

ரெண்டும் வேறு வேறு பிரச்சினை. எச்சரிக்கையை முதலில் பார்ப்போம், அதுதான் பெரியது.

டெம்ப்நாம் உங்களுக்குத் தருவது வெறும் பெயர். "இந்த நொடியில் இந்தப் பெயரில் ஃபைல் எதுவும் இல்லை" என்று பார்த்துச் சொல்கிறது, அதோடு அதன் வேலை முடிந்தது. நீங்கள் எஃப்ஓப்பன் கூப்பிடும் வரை நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் வேறொருவர் அதே பெயரில், கடவுச்சொற்களின் ஹாஷ்கள் (உருமாற்றிய வடிவங்கள்) இருக்கும் /ஈடிசி/ஷேடோவைக் காட்டும் ஒரு சிம்லிங்க்கை (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) வைத்துவிட்டால், எஃப்ஓப்பன் அந்த லிங்க்கின் வழியே போய் ஷேடோவைக் காலி செய்துவிட்டு உங்கள் சிஎஸ்வியை அதில் எழுதும். ரூட்டாக ஓடுவதால் தடுக்க ஆளில்லை. /டெம்ப்-இல் இருக்கும் ஸ்டிக்கி பிட் என்ற அனுமதிக் குறி அடுத்தவர் ஃபைலை அழிக்கவிடாமல்தான் காக்கும், புதிதாக ஒன்றை உருவாக்குவதை அது தடுக்காது.

பிராசஸ் எண் யோசனை இதைவிட மோசம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிராசஸ் எண்கள் வரிசையாகப் போகின்றன. இப்போது எந்த எண் ஓடுகிறது என்று யாரும் பார்க்கலாம், கிரான் எத்தனை மணிக்கு எழும் என்றும் தெரியும். அடுத்த சில ஆயிரம் எண்களுக்கும் முன்கூட்டியே சிம்லிங்க் போட்டு வைக்க ஒரு ஷெல் லூப் போதும்.

இயங்குதளத்தின் மையமான கர்னலிலேயே இதற்கு ஒரு தடுப்பு உண்டு. லினக்ஸ் 3.6-இல் வந்தது, ஸ்டிக்கி டைரக்டரியில் பிறர் வைத்த சிம்லிங்க்கைப் பின்தொடர விடாது, பெரும்பாலான விநியோகங்களில் இயக்கப்பட்டே வருகிறது. ஆனால் அதை நம்பிக் கோட் எழுதாதீர்கள், அது ஒரு சிஸ்டம் அமைப்புதான், யார் எங்கே அணைத்து வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

சரியான வழி, பெயரைத் தேர்வதையும் உருவாக்குவதையும் ஒரே அடியில் செய்வது. ஓப்பனுக்கு ஓ_கிரியட்டோடு ஓ_எக்ஸ்கிள் சேர்த்துக் கொடுத்தால், அந்தப் பெயரில் எது இருந்தாலும், எங்கும் போகாத சிம்லிங்க்காக இருந்தாலும்கூட, கர்னல் மறுத்துவிடும். எம்கேஎஸ்டெம்ப் உள்ளே செய்வது இதைத்தான். மறுத்தால் வேறு பெயரில் திரும்ப முயலும், கடைசியில் திறந்த எஃப்டியை (திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்) உங்கள் கையில் கொடுக்கும். அதன் பிறகு எழுதுவதெல்லாம் அந்த எஃப்டி வழியாகவே நடக்கட்டும், பெயரைச் சொல்லி மறுபடி திறந்தால் பழைய ஓட்டை திரும்ப வந்துவிடும்.

அப்புறம் உங்கள் ரீநேம். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள்தான் ரீநேம் நடக்கும். டெபியன் 13-இல் /டெம்ப் இயல்பாகவே நினைவகத்தில் இருக்கும் டெம்ப்எஃப்எஸ் என்ற தனி ஃபைல்சிஸ்டம். பழைய சர்வரில் ரெண்டும் ஒரே பார்ட்டிஷனில் இருந்திருக்கும், அதனால் ஓடியது. தற்காலிக ஃபைலை /டெம்ப்-இல் வைக்காமல் அறிக்கைகள் டைரக்டரியிலேயே, புள்ளியில் தொடங்கும் பெயரில் உருவாக்குங்கள். அந்த டைரக்டரியில் ரூட் மட்டும்தான் எழுத முடியும் என்றால் வெளியாள் உள்ளே கைவைக்கவும் வழியில்லை.

இரவுப்பணி:

மிக்க நன்றி அண்ணா, சிம்லிங்க் விஷயம் படித்ததும் பயந்துவிட்டேன். உடனே மாற்றினேன், ஆனால் எம்கேஎஸ்டெம்ப் கூப்பிடும் வரியிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட். "சார் ஸ்டார்" ஒன்று வைத்து, மேற்கோள் குறிக்குள் பாதையையும் கடைசியில் ஆறு எக்ஸையும் கொடுத்திருக்கிறேன். வேறு எதையும் தொடவில்லை.

நெய்தல்:

அந்த ஆறு எக்ஸின் மேல்தான் எம்கேஎஸ்டெம்ப் உண்மையான எழுத்துகளை எழுதும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரம் எழுத முடியாத நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் விழுகிறது. ஸ்டாரை எடுத்துவிட்டு "சார்" அரே ஆக்குங்கள், சரியாகிவிடும். எக்ஸ் ஆறும் பெரிய எழுத்தாக, சரத்தின் கடைசியில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் இதில் ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன். எம்கேஎஸ்டெம்ப் ஃபைலை 0600 அனுமதியோடு, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிகிற மாதிரி, உருவாக்கும். ரீநேம் செய்தாலும் அந்த அனுமதி மாறாது. முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரி ஒரு அறிக்கைக் கோட்டை மாற்றினேன். மறுநாள் காலை ஃபைல் இருக்கிறது, அளவு சரி, தேதி சரி, ஆனால் அதை எடுக்க வேண்டிய வெப் சர்வருக்குப் படிக்க அனுமதி இல்லை. நான் ரூட்டாகத் திறந்து பார்த்ததால் எனக்கு மட்டும் எல்லாம் நன்றாகவே தெரிந்தது! ரீநேமுக்கு முன்னால் அதே எஃப்டியில் எஃப்சிமாட் போட்டு 0644 (எல்லோரும் படிக்கலாம்) ஆக்குங்கள். உங்கள் எஃப்பிரின்ட்எஃப் வரிகளை மாற்ற வேண்டியதில்லை, எஃப்டிஓப்பன் கொடுத்தால் எஃப்டியிலிருந்து ஃபைல் பாயின்டர் கிடைத்துவிடும். எழுதி முடித்ததும் எஃப்ஃபிளஷ், எஃப்சிங்க் (தரவை டிஸ்க்குக்கே தள்ள), எஃப்குளோஸ், கடைசியில் ரீநேம். ஒவ்வொன்றும் என்ன திருப்பித் தருகிறது என்று பாருங்கள், டிஸ்க் நிரம்பியது பல சமயம் அங்கேதான் தெரியவரும். எது தோற்றாலும் தற்காலிக ஃபைலை அன்லிங்க் செய்துவிட்டு (அழித்துவிட்டு) வெளியேறுங்கள், நேற்றைய அறிக்கையாவது முழுசாக இருக்கும்.

தாழ்வாரம்:

நெய்தல் சொன்ன 0600 முக்கியமானது, நான் விட்டுவிட்டேன்.

உங்கள் புரோகிராம் நடுவில் வேறு புரோகிராமைக் கிளப்பினால் எம்கேஓஎஸ்டெம்ப் எடுத்து ஓ_குளோஎக்ஸெக் கொடுங்கள், இல்லையென்றால் திறந்த எஃப்டி அதற்கும் போய்ச்சேரும். லினக்ஸ் 3.11-இல் வந்த ஓ_டெம்ப்ஃபைல் பற்றி யாராவது சொல்வார்கள், பெயரே இல்லாத ஃபைல், பிராசஸ் செத்தால் தானாக மறையும், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதற்குப் பெயர் வைக்கும் லிங்க்ஆட், ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் மேல் எழுதாது. உங்களுக்குத் தினமும் அதே பெயரில் அறிக்கை வேண்டும் என்றால் எம்கேஎஸ்டெம்ப்பும் ரீநேமும்தான் வசதி.

இரவுப்பணி:

அரே ஆக்கியதும் ஓடிவிட்டது. எஃப்சிமாட், எஃப்சிங்க் சேர்த்தாயிற்று, எச்சரிக்கையும் போய்விட்டது. நடுவில் கில் -9 கொடுத்து புரோகிராமைச் சட்டென்று நிறுத்திப் பார்த்தேன், பழைய அறிக்கை அப்படியே இருக்கிறது, புள்ளியில் தொடங்கும் ஒரு ஃபைல் மட்டும் மிச்சம். ஒரு நாளுக்கு மேல் பழையதானால் அதை அழிக்க கிரானில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். கூட வேலை செய்பவரிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டினேன், அவருடைய ஸ்கிரிப்டுகளில் நாலு இடத்தில் பிராசஸ் எண் இருக்கிறதாம், அதை எம்கேடெம்ப் கமாண்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்.