ராம்நாடு குடும்பக் குழுவில் சிகாகோ வளைகாப்பு

செல்வி: எல்லோருக்கும் வணக்கம். வளைகாப்பு டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, லெமான்ட் ராமர் கோவிலில், காலை 10.30. மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று இவர் வீட்டில் சொல்கிறார்கள். அம்மா முந்தின வாரமே வந்துவிடுவார்.

மதுரை சித்தி: ரொம்ப சந்தோஷம்டா கண்ணு

மதுரை சித்தி: இங்கே எத்தனை மணி

குமார் மாமா: இரவு 9

செல்வி: இல்லை மாமா, 10. நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள்.

அம்மா: தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறாய்?

செல்வி: குழாய்த் தண்ணீர்தான் அம்மா. ஏரித் தண்ணீர், நன்றாகவே இருக்கும்.

பெரியப்பா: மீனாட்சி, தண்ணீருக்குப் பயப்படாதே, அந்த ஊர் அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஊர்ச் சாக்கடை எல்லாம் சிகாகோ ஆற்றில் விழும், ஆறு மிச்சிகன் ஏரியில் விழும், குடிக்கிற தண்ணீரும் அதே ஏரியில்தான். டைபாய்டில் சனம் செத்தது. கடைசியில் 45 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றையே திருப்பிவிட்டார்கள். ஏரிக்குள் ஓடிய ஆறு அன்றிலிருந்து ஏரியை விட்டு மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் ஓடுகிறது. வைகை கடலைப் பார்க்காமல் பெரிய கண்மாயில் வந்து நிற்கிற ஊர்க்காரர்கள் நாம், ஒரு ஆற்றின் பாதை என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்.

குமார் மாமா: அப்போ சாக்கடை யார் ஊருக்குப் போனது

பெரியப்பா: செயின்ட் லூயிஸ் பக்கம். மிசௌரி மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1906இல் தோற்றது.

குமார் மாமா: நம் வாய்க்கால் கேஸ் மாதிரியே

பெரியம்மா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம் தம்பி

மதுரை சித்தி: வேப்பிலைக் காப்புக்கு அப்புறம் பாட்டியின் கெட்டிக் காப்பைத்தானே போட வேண்டும்? யாரிடம் இருக்கிறது?

அம்மா: என்னிடம் இல்லை.

செல்வி: கண்ணாடி வளையல் இங்கே டிவான் அவென்யூவிலேயே வாங்கிவிடலாம் சித்தி. தெரு நெடுக நம் கடைகள்தான்.

மதுரை சித்தி: நான் கேட்டது பாட்டி காப்பு

பெரியப்பா: மீனாட்சி, போகிறவள் மிச்சிகன் அவென்யூவில் ஆர்ட் இன்ஸ்டிடியூட் கலைக்கூடத்தைப் பார்க்காமல் வராதே. 1893 செப்டம்பர் 11, விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். அவர் அங்கே போனதில் நம் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதிக்கும் பங்கு உண்டு. சென்னையில் அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். 1897 ஜனவரியில் சுவாமி பாம்பனில் வந்து இறங்கியபோது மன்னரே போய் வரவேற்றார். அங்கே குந்துகாலில் அவர் நினைவு மண்டபம் இருக்கிறது, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்?

செல்வி: ஆர்ட் இன்ஸ்டிடியூட் போன மாதம் போனேன் பெரியப்பா. வாசல் சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் அனுப்புகிறேன். வெண்கலத்தில் பச்சை ஏறியிருக்கிறது. டிசம்பரில் அதன் கழுத்தில் மாலை போடுவார்கள், அம்மா வரும்போது பார்க்கலாம்.

பெரியப்பா: சுவாமி வந்தபோது அந்தச் சிங்கங்கள் இல்லை. 1894இல் வைத்தார்கள். படம் அருமை.

குமார் மாமா: முகம் வாடியிருக்கிறதே, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா

பெரியம்மா: மீனாட்சி, காப்பு என்னிடம்தான் இருக்கிறது. அத்தை கடைசியில் என் கையில் கொடுத்தார். செல்விக்குப் போடக்கூடாது என்று நான் எப்போது சொன்னேன்? மூன்று வருடமாக நீ வந்து கேட்கவே இல்லை.

அம்மா: வாசல்படி ஏற மனசு வரவில்லை அக்கா. புதன்கிழமை வருகிறேன்.

பெரியம்மா: சாப்பிடுகிற மாதிரி வா

குமார் மாமா: விமானத்தில் அதைக் கையில் போட்டுக்கொண்டே போகலாமா, பில் கேட்பார்களா?

பெரியப்பா: விசாரித்துச் சொல்கிறேன்.

மதுரை சித்தி: 9ஆ 10ஆ?