எட்டாம் வகுப்பிலேயே எண்டார்ஸ்மென்ட் தேர்வு: டெக்சஸ் பெற்றோர்களே, கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கிறோம், மகள் எட்டாவது படிக்கிறாள். ஒன்பதாவதில் நுழையும்போதே எண்டார்ஸ்மென்ட் (உயர்நிலைப் பள்ளியில் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பாடப் பிரிவு) எதுவென்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்), பிசினஸ், பப்ளிக் சர்வீஸ், ஆர்ட்ஸ், மல்டிடிசிப்ளினரி என்று ஐந்து. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள், சரி, ஆனால் பாதியில் மாறினால் எடுத்த பாடங்கள் வீணாகிவிடாதா?

அவளுக்கு நர்சிங் ஆசை. எங்கள் பள்ளி மாவட்டத்தில் அதற்கேற்ற ஹெல்த் சயின்ஸ் வகுப்புகள் பப்ளிக் சர்வீஸ் பிரிவில் இருக்கின்றன, பன்னிரண்டாவது முடிப்பதற்குள் ஒரு சான்றிதழும் வாங்கலாம். அவள் அப்பாவோ ஸ்டெம் என்று ஒரே பிடியாக நிற்கிறார் (நம்ம வீடுகளில் இது புதிதா என்ன). பள்ளி கவுன்சிலரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

எனக்குப் புரிந்தவரை எந்த எண்டார்ஸ்மென்ட் என்றாலும் மொத்தம் 26 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பு அலகு), அல்ஜீப்ரா 2 முடித்து டிஸ்டிங்விஷ்ட் என்ற உயர்தகுதி நிலை வாங்கினால்தான் அரசுப் பல்கலைக்கழகங்களின் டாப் 10% (பள்ளி ரேங்கில் முதல் 10% மாணவர்களுக்கான) நேரடிச் சேர்க்கைக்குத் தகுதி, அதிலும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு 2026 முதல் 5%தான். அப்படியென்றால் ரேங்க்தான் முக்கியம், ஹெல்த் சயின்ஸ் வகுப்புகளுக்கு ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) மாதிரி மதிப்பெண் கணக்கில் கூடுதல் வெயிட் இல்லாவிட்டால் ரேங்க் அடிபடுமோ என்பதுதான் என் பயம்.

இந்த வழியில் பிள்ளைகளை அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ரேங்க் எப்படிப் போனது? அப்புறம், டூயல் கிரெடிட்டா (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்தே கிரெடிட் தரும் வகுப்புகள்) ஏபியா? டூயல் கிரெடிட்டை வெளிமாநிலக் கல்லூரிகள் ஏற்றுக்கொண்டனவா? அடுத்த வெள்ளிக்குள் படிவம் கொடுக்க வேண்டும், அனுபவம் உள்ளவர்கள் இரண்டு வரி எழுதினாலும் போதும்.